நான்கு சீட்டுகளும் ஒரு பெயரும்



ஊர்ப் பெயர்களுக்கு வரலாறு உண்டு. அரச மரபுகளின் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. நோய்களின் பெயர்களுக்கும் அவ்வாறே வரலாறு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவர் ஒரு பெயரைச் சொல்கிறார். நாம் அஞ்சுகிறோம், அல்லது அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்தப் பெயரை யார் இட்டார், எப்போது இட்டார், எதைக் கண்டு இட்டார் என்று கேட்பதில்லை. வரலாற்று ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணி செய்த எனக்கு அவ்வாறு கேட்கும் பழக்கம் உண்டு. அதற்கு என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பும் காரணம். ஆகவே அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெட்டியில் பழைய உறை ஒன்று இருக்கிறது. அதனுள் நான்கு சீட்டுகள் உள்ளன. அவை என் தமையனாருக்கு உரியவை. அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிவந்தவர். கையும் காலும் மெலிந்தவர். வயிறு மட்டும் சற்றே முன்தள்ளி இருக்கும். அதனை ஊரார் செல்வாக்கின் அடையாளம் என்று வேடிக்கையாகச் சொல்வர். முதல் சீட்டில் அவருடைய இரத்த அழுத்தம் மிகுதி என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் சர்க்கரை சற்று மிகுதி என்றிருக்கிறது. மூன்றாவது, கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து வலித்தபோது எடுத்த யூரிக் அமிலச் சோதனை. நான்காவது, இரத்தத்திலுள்ள கொழுப்பின் கணக்கு. நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடங்களில் பெற்றவை. ஒவ்வொன்றும் எல்லையைச் சிறிதளவே தாண்டியிருந்தது. நான்கையும் ஒரே மேசைமீது ஒருசேர வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இலர், நாங்களும் பார்க்கவில்லை. 1986 ஆம் ஆண்டு, தம் 49 ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார்.

இரண்டாண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் மேடையேறி, இத்தகைய சீட்டுகளை ஒன்றாக வைத்துப் படிக்கவேண்டும் என்று பேசினார். அவர் அன்று சுட்டிய தொகுதியே இன்று 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என வழங்குகிறது. தமிழில் இதனை வளர்சிதைமாற்ற நோய்க்குறித் தொகுதி எனலாம். இந்தப் பெயர் பிறந்த வரலாறே இன்றைய என் பேச்சின் பொருள்.

முதலில் சொற்பொருளைக் காண்போம். 'மெட்டபோலே' என்பது மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நாம் உண்ணும் சோறு நம் உடலில் சோறாகவே தங்குவதில்லை. அது சிதைந்து ஆற்றலாகிறது. அதன் ஒரு பகுதி தசையாகவும் கொழுப்பாகவும் வளர்கிறது. வளர்தலும் சிதைதலும் ஓயாது நிகழ்வதால் தமிழறிஞர் இதனை வளர்சிதைமாற்றம் என்றனர். மூலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் பொருளை விளக்கமாகக் காட்டுகிறது எனத் துணிந்து கூறலாம். ஜெர்மானிய அறிஞர் தியோடோர் ஷ்வான் 1839 ஆம் ஆண்டு, உயிரணுக்களுக்குள் நிகழும் இத்தகைய மாற்றங்களைக் குறிக்க அந்தக் கிரேக்க வேரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கினார்.

சொல் பிறக்கும் முன்பே ஆராய்ச்சி பிறந்துவிட்டது. இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த சாந்தோரியோ என்ற மருத்துவர், பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம்மைத் தாமே நிறுத்துப் பார்த்தார். உண்பதற்கு முன்னும் பின்னும், உறங்குவதற்கு முன்னும் பின்னும், பல ஆண்டுகள் இவ்வாறு நிறுத்தார். உண்ட உணவின் எடையும் உடலிலிருந்து வெளியேறிய கழிவின் எடையும் ஒத்துவரவில்லை. எட்டுப் பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால், ஐந்து பவுண்டு அளவு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டு நீங்கிவிடுகிறது என்று 1614 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். மருத்துவத்தில் அளவை என்பது உறுதியாகக் கால் ஊன்றிய இடங்களுள் அந்தத் தராசு நாற்காலியும் ஒன்று.

அவருக்குப் பின் பிரெஞ்சு நாட்டு லவாசியே வந்தார். அவரும் லாப்லாசும் 1782-83 குளிர்காலத்தில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் கினியா எலி ஒன்றை வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகியது என அளந்தனர். மூச்சு விடுதல் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்னும் முடிவுக்கு வந்தனர். 1794 ஆம் ஆண்டு புரட்சிக் காலத்தில் லவாசியேயின் தலை கொலைக் கருவிக்கு இரையாயிற்று. ஆனால் உடல் ஓர் உலை, உணவு அதன் விறகு என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது.

இனி 'சிண்ட்ரோம்' என்னும் சொல். 'சின்' என்றால் சேர்ந்து. 'திரோமோஸ்' என்றால் ஓட்டம். சேர்ந்து ஓடுவது என்பது இதன் பொருள். பழங்காலக் கிரேக்க மருத்துவரிடையே இது நோய்க்குறிகள் ஒன்றுகூடி வருவதைக் குறித்தது. இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். நோய் என்று சொல்லும்போது அதன் காரணத்தையும் அறிந்திருக்கிறோம் என்று பெரும்பாலும் கருதுகிறோம். காசநோய்க்கு ஒரு நுண்ணுயிர் காரணம் என 1882 இல் ராபர்ட் காக் காட்டினார். நோய்க்குறித் தொகுதி என்பது அத்தகையதன்று. சில குறிகள் தற்செயலாக நேரக்கூடிய அளவினும் மிகுதியாக ஒருங்கே காணப்படுகின்றன என்று மட்டுமே அப்பெயர் கூறுகிறது. தெருவில் நான்கு பேரை அடிக்கடி ஒன்றாகக் காண்கிறோம். அவர்கள் உடன்பிறந்தவர்களா, ஒரே அலுவலகத்தில் பணிபுரிபவர்களா என்பது பிறகு அறியவேண்டிய செய்தி. 'சேர்ந்து வருகிறார்கள்' என்பதே முதற் செய்தி.

இந்தச் சேர்க்கையை முதலில் கண்டவர் யார்? இத்தாலியரான மோர்காக்னி 1761 ஆம் ஆண்டு, தம் 79 ஆம் வயதில், பிணங்களை அறுத்து ஆய்ந்து கண்டவற்றைப் பெருநூலாக வெளியிட்டார். உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து கொழுப்பு மிகுந்திருந்த உடல்களையும் தடித்துக் கெட்டிப்பட்ட இரத்தக் குழாய்களையும் அதில் அவர் வருணித்தார். பிற்கால இத்தாலிய மருத்துவர் சிலர் அவரையே இத்துறையின் முன்னோடியாகப் போற்றுகின்றனர். ஆயினும் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் எளிதில் அளக்கும் முறைகள் அக்காலத்தில் இல்லை. அளக்க இயலாதவற்றை ஒன்றுசேர்த்துக் காண்பது எவ்வாறு?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவைகள் கைக்கு வந்தன. 1922 இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரெகோரியோ மரன்யோன், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களிடம் நீரிழிவு தோன்றும் தன்மையை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே, 1923 இல், சுவீடன் நாட்டு மருத்துவர் எஸ்கில் கீலின் ஒரு கட்டுரை எழுதினார். மிகுந்த இரத்த அழுத்தம், மிகுந்த இரத்தச் சர்க்கரை, மிகுந்த யூரிக் அமிலம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்து காணப்படுவதை அவர் அதில் ஒரு தொகுதியாகவே சுட்டினார்.

நேயர்களே, இந்தச் செய்தியை நான் முதன்முறையாகப் படித்த நாள் நினைவில் இருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து அந்த உறையை எடுத்தேன். என் தமையனாரின் நான்கு சீட்டுகளில் மூன்றை, அவர் இறப்பதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பே, சுவீடனில் ஒருவர் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்! அறிவு உலகில் இருப்பது வேறு. அது வேண்டியவர் கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

கீலினின் கட்டுரை ஏன் பரவவில்லை? 1921 இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 ஜனவரியில் அது ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் இருந்த பிள்ளைகள் பிழைத்தெழுந்தனர். அந்தப் பெருவெற்றியின் ஒளியில், நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமை என்ற எண்ணமே மருத்துவ உலகில் வேரூன்றியது. இன்சுலின் இருந்தும் பயன்படாத நிலை ஒன்று உண்டு என்னும் எண்ணத்திற்கு அப்போது இடம் இருக்கவில்லை.

அந்த எண்ணத்தைத் துணிந்து முன்வைத்தவர் இலண்டனைச் சேர்ந்த ஹரால்டு ஹிம்ஸ்வொர்த். நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கரைசலைப் பருகக் கொடுத்து, அதே வேளையில் நரம்பின் வழியே இன்சுலினையும் செலுத்தி, இரத்தச் சர்க்கரை எவ்வாறு மாறுகிறது என்று அவர் கவனித்தார். சிலருக்குச் சர்க்கரை உடனே அடங்கியது. சிலருக்கு அதே அளவு இன்சுலின் செலுத்தியும் அடங்கவில்லை. ஆகவே நீரிழிவு ஒன்றன்று, இரண்டு என்று 1936 இல் அவர் எழுதினார். முதல் வகையினர் இன்சுலினுக்கு இணங்குபவர். இரண்டாம் வகையினர் இணங்காதவர்.

இந்த இணங்காமையை நம் வயல்வெளியைக் கொண்டு விளக்கலாம். இரத்தக் குழாய் ஒரு வாய்க்கால். அதில் ஓடும் நீர் சர்க்கரை. தசைகள் இருபுறத்து வயல்கள். வாய்க்கால் நீர் வயலில் பாய ஒருவர் மடையைத் திறந்துவிட வேண்டும். இன்சுலினே அந்த ஆள். மடைப்பலகை இறுகிவிட்டால் ஓர் ஆளால் திறக்க முடிவதில்லை. கணையம் மேலும் ஆட்களை அனுப்புகிறது. பலர் கூடி இழுக்க, மடை திறக்கிறது. வாய்க்கால் நீர் அளவோடு நிற்கிறது. வெளியில் நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். ஆட்கள் களைத்துப்போன பிறகே நீர் கரைபுரளும். அந்நிலையையே நாம் நீரிழிவு என்கிறோம். ஆனால் பலகை இறுகத் தொடங்கியது பல ஆண்டுகளுக்கு முன்பாக இருக்கலாம்.

இந்த உவமையில் 'ஆட்களின் எண்ணிக்கையை' நேரில் எண்ணிப் பார்க்கும் வழி நெடுநாள் இல்லாதிருந்தது. நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், கதிரியக்கம் கொண்டு இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினர். வயது முதிர்ந்தபின் நீரிழிவு கண்டவர் பலரிடம் இன்சுலின் குறைவாக இல்லை. உடல்நலம் உடையவரைவிட மிகுதியாகவே இருந்தது. ஹிம்ஸ்வொர்த் கூறியதற்கு இது வலுவான சான்றாயிற்று. பெர்சன் 1972 இல் மறைந்தார். யாலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே மற்றோர் இழை தெற்குப் பிரான்சில் நூற்கப்பட்டது. மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் என்பவர் 1947 இல் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். பருமனான எல்லோருமா நோயுறுகின்றனர்? இல்லை என்று அவர் கண்டார். இடுப்புக்குக் கீழே, தொடைகளில் கொழுப்பு சேர்ந்தவரைவிட, வயிற்றிலும் உடலின் மேற்பகுதியிலும் கொழுப்பு சேர்ந்தவருக்கே நீரிழிவும் இரத்தக் குழாய் நோயும் மிகுதியாக வருகின்றன என்றார். எவ்வளவு கொழுப்பு என்பதோடு எங்கே கொழுப்பு என்றும் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து. இதனை உலகம் மெல்லவே ஏற்றது. 1984 இல் சுவீடனின் கோதன்பர்க் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 1913 இல் பிறந்த 792 ஆண்களை 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இடுப்புச் சுற்றளவுக்கும் கீழுள்ள பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் இதயநோயை முன்னறிவிக்கிறது என்று அது காட்டியது. தையற்காரர் கையிலிருந்த நாடா மருத்துவர் கைக்கு வந்தது.

பெயர்கள் தோன்றத் தொடங்கின. 1960 களில் இத்தாலியரான அவோகாரோ, கிரெபால்டி ஆகியோர் 'பல வளர்சிதைமாற்றத் தொகுதி' எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். 1977 இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாலர், பருமன், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு மிகுதி, யூரிக் அமில மிகுதி, ஈரலில் கொழுப்பு ஆகியவற்றின் சேர்க்கையை 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்றே குறித்தார். 1981 இல் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஹானஃபெல்டும் லியோன்ஹார்ட்டும் அப்பெயரையே தலைப்பாக்கி எழுதினர். ஆனால் அவர்கள் எழுதியது ஜெர்மன் மொழியில். ஐரோப்பாவின் நடுவே அன்று ஓர் இரும்புத்திரையும் இருந்தது. பெயர் பிறந்துவிட்டது, ஊர் சுற்றக் கால்கள் முளைக்கவில்லை.

இங்கேதான் நான் முன்பு குறிப்பிட்ட பேராசிரியர் வருகிறார். அவர் பெயர் ஜெரால்டு ரீவன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மடைப்பலகையின் இறுக்கத்தை அளப்பதற்கென அவரும் தோழர்களும் 1970 ஐ ஒட்டி ஒரு முறையை வகுத்திருந்தனர். உடலின் சொந்த இன்சுலின் சுரப்பை அடக்கிவைத்து, இன்சுலினையும் சர்க்கரையையும் ஒரே சீராகச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை எந்த அளவில் நிலைகொள்கிறது என்று பார்ப்பதே அம்முறை. உயர்ந்த அளவில் நிலைத்தால் இறுக்கம் மிகுதி எனப் பொருள். இவ்வாறு பல ஆண்டுகள் ஆராய்ந்தபின், அமெரிக்க நீரிழிவுக் கழகத்தின் 1988 ஆம் ஆண்டுப் பேண்டிங் சொற்பொழிவில், இன்சுலின் எதிர்ப்பு என்னும் ஒரே வேரிலிருந்து பல கிளைகள் தோன்றக்கூடும் என்றார். சர்க்கரையைச் சமாளிக்க இயலாமை, இரத்தத்தில் இன்சுலின் மிகுதி, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுதி, எச்.டி.எல். என்னும் நன்மை தரும் கொழுப்புக் குறைவு, இரத்த அழுத்த மிகுதி ஆகியவை அக்கிளைகள். இவையெல்லாம் சேர்ந்து இதயக் குழாய்களைக் கெடுக்கின்றன என்பது அவர் வாதம்.

இதற்கு அவர் இட்ட பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. கணக்கில் அறியாத எண்ணை 'எக்ஸ்' என்போம் அல்லவா? இதன் சிறப்பை உலகம் இன்னும் அறியவில்லை என்னும் கருத்தில் அவர் அவ்வாறு பெயரிட்டார். ஆனால் இதயநோய் மருத்துவர்கள் அதே பெயரை 1973 முதலே வேறொரு நிலைக்கு வழங்கிவந்தனர். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் அஞ்சற்காரர் திகைப்பது போல மாணவர்கள் திகைத்தனர். 1989 இல் நார்மன் கப்லான் என்பவர் 'கொடிய நால்வர்' என்று பெயரிட்டு, ரீவன் சேர்க்காது விட்ட மேலுடல் பருமனையும் சேர்த்தார். வேறு சிலர் 'இன்சுலின் எதிர்ப்புத் தொகுதி' என்றனர். பல பெயர்களும் போட்டியிட்டு, முடிவில் பழைய ஜெர்மானியப் பெயரே வென்றது.

பெயர் நிலைத்தது, இலக்கணம் வேண்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1998 இல் ஓர் இலக்கணம் வகுத்தது. அதன்படி, இன்சுலின் எதிர்ப்போ சர்க்கரைக் கோளாறோ கட்டாயம் இருக்கவேண்டும். 2001 இல் அமெரிக்கக் கொழுப்புக் கல்வித் திட்டத்தினர், எதனையும் கட்டாயமாக்காமல், ஐந்து குறிகளில் எவையேனும் மூன்று இருந்தால் போதும் என்றனர். 2005 இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, வயிற்றுப் பருமன் கட்டாயம் என்றது. ஒரே மனிதர் ஓர் இலக்கணப்படி தொகுதியினுள்ளும் மற்றோர் இலக்கணப்படி வெளியிலும் நின்றார்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2009 இல் ஆறு அமைப்புகள் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

அந்த ஐந்து குறிகளை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். முதலாவது, இடுப்புச் சுற்றளவு அந்தந்த மக்களுக்கு உரிய எல்லையைத் தாண்டுவது. இரண்டாவது, டிரைகிளிசரைடு ஒரு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது. மூன்றாவது, எச்.டி.எல். ஆண்களுக்கு 40 க்கும் பெண்களுக்கு 50 க்கும் கீழே இருப்பது. நான்காவது, இரத்த அழுத்தம் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85 ஐ எட்டுவது. ஐந்தாவது, வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மில்லிகிராமை எட்டுவது. இவற்றுள் எவையேனும் மூன்று இருந்தால் அத்தொகுதி உண்டு எனலாம். கீலின் சுட்டிய யூரிக் அமிலம் இப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

'அந்தந்த மக்களுக்கு உரிய எல்லை' என்றேன். இந்த இடத்தில் வரலாறு நம் வீட்டு வாயிலுக்கு வருகிறது. 2001 ஆம் ஆண்டு அமெரிக்க எல்லை ஆண்களுக்கு 102 சென்டிமீட்டர், பெண்களுக்கு 88. இதனை வைத்து நம்மவரை அளந்தால் பலரும் தப்பித்துக்கொள்வர். ஆனால் நோயிலிருந்து தப்ப முடிவதில்லை. இலண்டனில் குடியேறிய தெற்காசிய மக்களை ஆராய்ந்த மெக்கீக் என்பாரும் தோழர்களும், அவர்களிடம் வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் ஐரோப்பியரைவிட மிகுதி என்று 1991 இல் எழுதினர். 2004 இல் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கின்றனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைக் கருவி இருவரையும் ஒன்றெனக் கூறியது. உள்ளமைப்போ வேறாக இருந்தது. இத்தகைய சான்றுகளால், தெற்காசியருக்கான இடுப்பு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எனக் குறைக்கப்பட்டது.

மெலிந்த கை, மெலிந்த கால், சற்றே முன்தள்ளிய வயிறு. என் தமையனாரை யாரும் பருமனானவர் என்று சொன்னதில்லை. அவர் இடுப்பை அளந்தவரும் இலர்.

பெயர் வென்ற கதையோடு நிறுத்திவிட்டால் நான் வரலாற்றுக்கு நேர்மையாக நடந்தவன் ஆகேன். 2005 ஆம் ஆண்டு, அமெரிக்க நீரிழிவுக் கழகமும் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுக் கழகமும் கூடி, இப்பெயரைக் கடுமையாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. எல்லை எண்களுக்குத் தக்க காரணம் எங்கே? தனித்தனிக் குறிகள் தரும் கேட்டைவிடத் தொகுதி தரும் கேடு கூடுதலா? இருந்தால் மருந்து வேறாகுமா? எந்த வினாவுக்கும் தெளிவான விடை இல்லை என்றது அவ்வறிக்கை. அதைவிட வியப்பு, ரீவனே அவ்வாண்டில் இப்பெயருக்கு எதிராக எழுதியது. கல்லறைகளில் பொறிக்கப்படும், 'அமைதியில் துயில்க' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரை அவர் தம் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். அவருக்கு முக்கியமானது இன்சுலின் எதிர்ப்பு என்னும் காரணம். ஐந்தில் மூன்று என்று எண்ணிப் பெயர் ஒட்டுவதன்று. இரண்டு குறிகள் மிகக் கடுமையாக உள்ளவரை விட்டுவிட்டு, மூன்று குறிகள் இலேசாக உள்ளவரை நோயாளி என்பது எவ்வாறு பொருந்தும் என்பது நியாயமான வினாவே. 2010 இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவும், இக்கருத்து கற்பிப்பதற்குப் பயன்படும். நோய் நிர்ணயத்துக்கு அதன் பயன் சிறிதே என்று கூறியது.

எனினும் பெயர் கல்லறைக்குச் செல்லவில்லை. 2023 இல் ஈரல் கொழுப்பு நோய்க்கு, வளர்சிதைமாற்றக் கோளாற்றைச் சுட்டும் புதுப்பெயர் இடப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க இதயக் கழகம், இதயம், சிறுநீரகம், வளர்சிதைமாற்றம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரே தொகுதியாக அறிவித்தது. சேர்ந்து ஓடுபவரின் கூட்டம் பெருகியதே அன்றிக் குறையவில்லை.

ஆகவே இச்சொல்லை எவ்வாறு வழங்குவது? எனக்குத் தோன்றும் வரையறை இது. 'இவருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற நோய் வந்துவிட்டது' என்று சொல்வது பொருத்தமாகாது. 'இவரிடம் இந்தக் குறிகள் சேர்ந்துள்ளன. ஆகவே இதயநோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி' என்று சொல்வதே பொருந்தும். இது வழியில் நட்டுவைத்த எச்சரிக்கைப் பலகை. பலகையைக் கண்டு அலறுவதும் பேதைமை. காணாததுபோல் விரைவதும் பேதைமை.

திரும்பி நடக்க வழி உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நிகழ்ந்த பெரிய ஆய்வு ஒன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்கள் உணவை ஒழுங்குசெய்து உடலுழைப்பை மிகுத்தபோது, நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது என 2002 இல் அறிவிக்கப்பட்டது. நம் சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும் இத்தகைய மக்களிடையே நடத்திய ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் அது 28.5 விழுக்காடு குறைந்தது என 2006 இல் வெளியிட்டனர். அளவு வேறாயினும் திசை ஒன்றே. நடப்பதாலும் அளவோடு உண்பதாலும் இறுகிய மடைப்பலகை தளர்கிறது.

இந்தப் பெயர் 1986 இல் எங்கள் ஊரில் வழங்கியிருந்தால் என் தமையனார் பிழைத்திருப்பாரா என்று நான் பன்முறை எண்ணியதுண்டு. பிழைத்திருப்பார் என உறுதி கூற வரலாற்று மாணவனுக்கு உரிமை இல்லை. ஆனால் நான்கு சீட்டுகளும் ஒரு மேசையில் கூடியிருக்கும். ஒருவர் அவற்றை ஒருசேரப் பார்த்துச் சற்று நேரம் சிந்தித்திருப்பார். ஒரு பெயர் செய்யக்கூடிய நன்மை அவ்வளவே; அதுவும் சிறியதன்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் மேசை இழுப்பறையில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, பழைய கணக்குப் புத்தகத்தின் நடுவே ஒன்று என மருத்துவச் சீட்டுகள் சிதறிக் கிடக்கும். இன்று மாலை அவற்றைத் தேடி எடுத்து, நாள் வரிசையில் அடுக்கி, ஒரே உறையில் இடுங்கள். தந்தையோ தாயோ அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அவ்வுறையைக் கையில் கொடுத்தனுப்புங்கள். எங்கள் வீட்டில் அதனைச் செய்ய நான் தவறிவிட்டேன், நீங்கள் தவறவேண்டாம்.